எலிகளின் வரிசையில் ஒருத்தி

எங்கள் அலுவலகத்தில் அவரை ஜோசியர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எலிகளுக்கு ஜோசியம் பார்ப்பவர். ஆய்வகத்தில் வளர்க்கும் எலிகளின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்த ரகத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தால் என்ன நோய் வருகிறது என்று கட்டுரைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, இணையத்தில் இருக்கும் எங்கள் தரவுத்தளத்தில் பதிவது அவர் வேலை. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது, கடவுச்சொல் கிடையாது.

"ஜோசியரே, இந்த வாரம் நம்ம எலிகளுக்கு எப்படி?" என்று யாராவது கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "காதல் கைகூடும், கிட்னி கைவிடும்" என்பார்.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் ஒப்புதல் கொடுப்பது என் வேலை. ஒருவர் எழுதி இன்னொருவர் பார்க்காமல் எந்தப் பக்கமும் வெளியே போகாது. அவர் எழுதியதில் நான் திருத்த வேண்டியது பெரும்பாலும் காற்புள்ளிதான். நாற்பதைத் தாண்டியவர். கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரே மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே ஓட்டப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தாள். மகள் ஜெயித்த மறுநாள் மட்டும் ஜோசியர் வாய் ஓயாது. அன்று எங்களில் யாருக்கும் வேலை நடக்காது.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளம் எலிகளுக்கு. அதற்கு மேல், மரபணுக்களை வரிசைப்படுத்தும் இயந்திரங்கள். அதற்கும் மேல் நாங்கள். ஜன்னலை எப்படி அடைத்து வைத்தாலும் கூண்டுகளில் பரப்பிய ஈர மரத்தூளின் வாசனை படியேறி வந்துவிடும். ஒரு நாள் காலையில் அந்த வாசனையோடு கூண்டுக்காரரும் படியேறி வந்தார். எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு மாற்றுபவர். சாதாரணமாக மேலே வரமாட்டார். முகம் வெளுத்திருந்தது.

"மூடி கை தவறிக் கீழ விழுந்துடுச்சுங்க. இரும்பு மூடி. சத்தம் கேட்டதும் அந்தப் புது எலிங்க சிலது அப்படியே சாஞ்சிடுச்சு."

"பயந்து ஒடுங்கியிருக்கும்" என்றேன்.

"ஒடுங்கலைங்க. செத்துப்போச்சு."

அது வெளியிலிருந்து புதிதாக வாங்கிய ரகம். இரத்த அழுத்த ஆராய்ச்சிக்கென்று வந்தது. ஒரே பெற்றோரின் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்ப்பதால், ஒரு ரகத்து எலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஒன்றுக்குக் கோளாறு என்றால் எல்லாவற்றுக்கும் கோளாறு. செத்தவற்றை அறுத்துப் பார்த்தார்கள். இதயம், நுரையீரல், மூளை எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. உயிரோடு இருந்தவற்றுக்கு ஈசிஜி எடுத்தார்கள், அதுவும் ஒழுங்காக இருந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் நீந்த விட்டார்கள். எலிக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாகவே நீந்தின. பாதித் தொட்டி தாண்டியதும் ஒன்று கால்களை அசைப்பதை நிறுத்திவிட்டு, கல்லைப் போல உள்ளே போயிற்று.

வால் நுனியை வெட்டி மரபணுவை வரிசைப்படுத்தியதில் விஷயம் பிடிபட்டது. இதயத் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைச் செய்யும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. சும்மா இருக்கும்போது கதவு ஒழுங்காகத்தான் மூடியிருக்கும். திடுக்கிட்டாலோ, மூச்சிரைக்க ஓடினாலோ, நீந்தினாலோ ஒழுக ஆரம்பித்துவிடும். இதயம் துடிப்பை மறந்து நடுங்கும். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை எழுதும் வேலை ஜோசியருக்கு வந்தது. ரகம், மரபணு, மாறிய எழுத்து, அறிகுறிகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், அறிகுறிகளில் வந்து நின்றுவிட்டார். விசைப்பலகைச் சத்தம் நின்றதால் திரும்பிப் பார்த்தேன்.

"சார், ஒரு சந்தேகம். நல்லா நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் குளத்துக்கு நடுவுல போய் மூழ்கிட்டார்னா என்ன காரணமா இருக்கும்?"

"தசைப்பிடிப்பா இருக்கும். எந்தக் கட்டுரையில வருது?"

"கட்டுரை இல்ல சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. அண்ணன் நீச்சல் குளத்தில் போனார். தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று வீட்டில் பேச்சு. மாமனார் அதற்கு வெகுகாலம் முன்பு, சாலையில் லாரி டயர் வெடித்தபோது எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நின்ற இடத்தில் விழுந்து இறந்தார். அது மாரடைப்பு என்று பேச்சு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கும் காரணமில்லை. ஒன்று தண்ணீர், இன்னொன்று சத்தம்.

எங்கள் தரவுத்தளத்தில் எலியின் மரபணுவுக்கு எதிரே, அதற்கு இணையான மனித மரபணு தானாகவே வந்து நிற்கும். ஜோசியர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்கீழ் ஒன்றிரண்டு நோய்கள் இருந்தன. ஆனால் எலியில் மாறிய அந்த இடத்தில், மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பக்கத்தை எழுதி முடித்துக் கொடுத்தார். படித்தேன். பிசிறில்லாமல் இருந்தது. ஒப்புதல் கொடுத்தேன்.

லிப்ட் மெக்கானிக்கை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அலட்டிக்கொள்ளாத மனிதர். கம்பிக் கயிற்றில் தொங்கும் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுபவர். மனைவி விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

"எலிக்குச் சளி பிடிச்சா நான் தும்மணுமா?"

"விளையாடாதீங்க. உங்க அப்பா, உங்க அண்ணன்…"

"எங்க அப்பா வெண்ணெயைக் கிண்ணத்தோட சாப்பிடுவாரு. அதுக்கு எலி என்னடி பண்ணும்?"

ஆனாலும் மனைவி பேச்சைத் தட்டுகிறவர் இல்லை. "உன் திருப்திக்கு" என்று சொல்லி ஒரு சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனார். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்று எழுந்தவரை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். வேகம் கூடியதும் திரையில் கோடுகள் தாறுமாறாகக் குதித்தன. செவிலி ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். அவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாராம்.

இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மரபியல் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த ரெண்டு பிரதியில ஒண்ணுல எழுத்து மாறியிருக்கு. ஆனா இந்த மாற்றம் மனுஷங்ககிட்ட இதுவரைக்கும் எங்கயும் பதிவாகலைங்க. எழுத்தை மட்டும் வெச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது. எனக்குக் கிடைச்ச ஒரே ஆதாரம் இதுதான்."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். எங்கள் தரவுத்தளத்தின் பக்கம். எலியில் மாறிய அதே இடம், அதே மாற்றம்.

"இதை எழுதினவங்க யாருன்னு தெரியல. ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க. திடீர் சத்தம், நீச்சல், கடும் ஓட்டம்…"

"நான்தான் எழுதினேன்" என்றார் ஜோசியர்.

மருத்துவர் சிரிக்கப் போனார். ஜோசியர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓட்டம், நீச்சல், திடுக்கிடும் வேலை எதுவும் கூடாது என்றார். தேவைப்பட்டால் பின்னால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கலாம் என்றார். கடைசியாக, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"பயமா இருந்தது எது தெரியுமா சார்?" என்று ஜோசியர் பின்னால் என்னிடம் சொன்னார். "மேல யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு போனேன். போனா, அங்கயும் நானே உக்காந்திருக்கேன்."

மாத்திரை வேலை செய்தது. ஆனால் மெக்கானிக் மாறிப்போனார். அந்தரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், வீட்டில் குக்கர் விசிலடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அழைப்பு மணியைக் கழற்றி வைத்தார். கைபேசியை அமைதியில் போட்டார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. பயந்தால் ஆபத்து என்று தெரிந்ததும், பயந்துவிடுவோமோ என்று பயப்பட ஆரம்பித்துவிட்டார். லிப்ட் வேலையை விட்டுக் கடையில் உதிரிபாகம் எடுத்துக்கொடுக்க உட்கார்ந்தார். "தெரியாத வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்?" என்று ஒரு நாள் கேட்டார்.

வீட்டில் தாயும் தந்தையும் சத்தமில்லாமல் பூனைபோல நடந்தார்கள். அதற்கு நடுவில் மகள் மட்டும் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பந்தய மைதானத்தில் துப்பாக்கி வெடிக்கும், வெடித்தவுடன் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். எலிகளைக் கொன்ற இரண்டும் ஒரே நொடியில்.

"ஒரு சொட்டு ரத்தம்தான்மா" என்று தாய் கெஞ்சினார்.

"வேணாம். அப்பாவைப் பாரு. நோய் கொல்லுதோ இல்லயோ, தெரிஞ்சுக்கிட்டதே அவரைக் கொன்னுடுச்சு. எனக்குத் தெரிய வேணாம்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலன்னா? இந்தப் பந்தயம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

மருத்துவரும் கையை விரித்துவிட்டார். "மேஜரான பொண்ணு. அவங்க சம்மதம் இல்லாம நான் ஊசி எடுக்க முடியாதுங்க."

இதற்குமேல் நடந்தது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஜோசியர் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காருவதை விட்டுவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. எலி ஜோசியம் கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்தார். கொஞ்ச நாளில் நாங்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூசினோம்.

அவர் செய்தது இதுதான். ஒரு காலையில் மகள் பயிற்சிக்குப் போனபின், அவளுடைய பல் துலக்கும் பிரஷை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு, அதே நிறத்தில் புதியது ஒன்றை அங்கே வைத்தார். மேலே வருவதற்கு முன் பல வருடம் இயந்திரங்கள் இருக்கும் நடு மாடியில்தான் வேலை பார்த்தார், கை மறக்கவில்லை. பிரஷிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து ஒரு குழாயில் அடைத்தார். அந்த ரகத்து எலிகளின் மாதிரிக் குழாய்களை அடுக்கிய அடுத்த தட்டு இயந்திரத்துக்குப் போகக் காத்திருந்தது. அதில் செத்துப்போன ஓர் எலியின் இடம் காலியாக இருந்தது. அந்த எலியின் எண்ணைக் குழாயில் ஒட்டி, எலிகளின் வரிசையில் மகளை நிறுத்தினார்.

இயந்திரத்துக்கு எலியும் ஒன்றுதான், மனிதரும் ஒன்றுதான். வரிசைப்படுத்திக் கொடுத்தது. ஜோசியர் அந்தக் கோப்பை எடுத்து மனித மரபணு வரைபடத்தோடு பொருத்தி, அந்த ஓர் இடத்தை மட்டும் தேடிப் பார்த்தார்.

மாறியிருந்தது.

அன்று அவர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. தலைவலியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மகளிடம் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவளிடம் திருடி எடுத்த செய்தி அது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் மறந்த விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் இயந்திரத்திலிருந்து வரும் மூலத் தரவை ஓர் ஆள் பார்த்துத்தான் பொதுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் கீழே வேலை பார்த்த காலத்து வழக்கம் அது. இப்போது இயந்திரமே அனுப்பிவிடும். ஜோசியர் மகளின் கோப்பை அழிக்க நினைத்துத் தேடியபோது, அது ஏற்கெனவே உலகத்துக்கு எலி என்ற பெயரில் போய்ச் சேர்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவும் முடியாமல், விடவும் முடியாமல் தவித்திருக்கிறார்.

எங்கள் பொது முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்ப்பது நான். ஒரு மதியம் முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளரிடமிருந்து நாலு வரி வந்தது. வேறு ஏதோ கண்டத்திலிருந்து. உங்கள் எலிகளின் இதய மரபணுவைப் பதிவிறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்று எலி இல்லை, மனிதர் என்று எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. யாரோ கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன்.

"இவர் ஒரு பெண். உங்கள் எலிகளைக் கொல்லும் அதே மாற்றம் இவருக்கும் இருக்கிறது. இவரிடம் யாராவது சொல்லிவிட்டீர்களா?"

திரும்பிப் பார்த்தேன். ஜோசியர் என் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க பொண்ணா?"

தலையை ஆட்டினார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல சார்."

"எங்க இருக்காங்க இப்ப?"

"மைதானத்துல. நாளைக்குப் பந்தயம். இன்னிக்குக் கடைசிப் பயிற்சி."

என் வண்டியில்தான் போனோம். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கையால் முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தார். மைதானத்தை நெருங்கும்போது வெடிச்சத்தம் கேட்டது. புறப்படுவதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஜோசியர் வண்டி நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டார்.

மகள் ஓடிக்கொண்டிருந்தாள். கூப்பிடாதே என்று அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், கூப்பிட்டால் திடுக்கிடுவாளே. அவள் வளைவைத் திரும்பி, கோட்டைத் தாண்டி, வேகம் குறைந்து, இடுப்பில் கைவைத்து நின்ற பிறகுதான் வேலியைத் தாண்டிப் போனார். நான் இந்தப் பக்கம் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"ஓடாதடா. உனக்கும் இருக்கு."

"என்ன இருக்கு? நான் ரத்தமே குடுக்கலயே?"

"உன் பிரஷ்ல எடுத்தேன்."

மகள் ஒன்றும் புரியாதவளாகப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது.

"எங்க குடுத்துப் பாத்த?"

"எங்க ஆபீஸ்ல."

"அங்க எலிதானே பாப்பீங்க? என்ன பேர்ல அனுப்பின?"

தாய் வேலிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா. என்ன பேர்ல அனுப்பின?"

"பேர் இல்ல. எண்."

"யாரோட எண்?"

"செத்துப்போன ஒரு எலியோடது."

இணையத்தில் போய்விட்டதையும், வெளிநாட்டுக்காரர் எழுதியதையும் ஜோசியர் ஒளிக்காமல் சொன்னார். மகள் அழவில்லை, கத்தவில்லை. குனிந்து ஓட்டக் காலணியின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அப்ப எவனோ ஒருத்தனுக்கு என்னைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஓடியதால் வாங்குகிறதா, வேறு எதனாலாவதா என்று தெரியாமல், தாய் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் ஓடவில்லை. டிரெட்மில்லில் அவள் இதயமும் தந்தையுடையதைப் போலவே தடுமாறியது. மாத்திரை தொடங்கினார்கள். ஜோசியர் எங்கள் இயக்குநரிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். விசாரணை நடந்தது. முடிவதற்குள் அவரே வேலையை விட்டுவிட்டார். வேறு வழியும் இருக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறார்.

மெக்கானிக்தான் ஆச்சரியம். மகளுக்கும் இருக்கிறது என்று தெரிந்தபின் அவருடைய நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. "நான் பயந்தா புள்ள பயப்படும்" என்று அழைப்பு மணியைத் திரும்ப மாட்டினார். மணி அடிக்கும்போது இப்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், ஆனால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார்.

மகள் ஒரு முறை என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அங்கிள், அதை அழிச்சிட்டீங்களா?"

"எங்ககிட்ட இருந்ததை அழிச்சாச்சும்மா."

"அதுக்கு முன்னாடி எடுத்தவங்க?"

"எழுதிக் கேட்டிருக்கோம். சிலர் அழிச்சிட்டதா பதில் போட்டாங்க."

"மத்தவங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "யார் யார் எடுத்தாங்கன்னே முழுசாத் தெரியாதும்மா" என்றேன். பொதுத் தளத்தில் ஒன்றை ஏற்றினால், அதை நகலெடுத்து வைக்கும் தளங்கள் வேறு உண்டு. அவற்றிலிருந்து நகலெடுப்பவை வேறு. எங்கேயோ ஒரு கணினியில் அவள் முழுவதுமாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இருக்கிறாள். யார் எப்போது திறந்து எதற்காகப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி, என் முகத்திலேயே படித்துக்கொண்டாள்.

"என்னோட பிள்ளைங்களையும் சேத்துத்தானே அங்கிள் அதுல எழுதியிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஜோசியரைப் போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வீட்டில் எப்படி என்று கேட்டேன். மகள் இன்னும் அவரோடு பேசுவதில்லையாம். ஆனால் காலையில் மாத்திரை போட்டதும், அதன் காலி உறையைக் கிழித்து, அம்மா கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறாளாம். எழுந்ததும் ஜோசியர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"தினமும் வெக்கறாளா?" என்றேன்.

காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சில நாள் இருக்காது சார்" என்றார். "கேக்கவும் முடியாது. அவ காலேஜ்ல இருந்து வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."